கொடுவாக் குஞ்சுக்கு எத்தனை வேளை?

கொடுவாக் குஞ்சு வாங்க வருகிறவர்கள் தீவனத்தில் புரதம் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். மூட்டை என்ன விலை என்பார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டு செல்போனில் குறித்துக்கொள்வார்கள். அதை எத்தனை வேளையாகப் பிரித்துப் போடுவது என்று கேட்கிறவர் அபூர்வம். கேட்டாலும் ‘நாலு’ என்றோ ‘ஆறு’ என்றோ ஒரே எண்ணில் பதில் வேண்டும். அப்படி ஒரு எண்ணை என்னால் இதுவரை சொல்ல முடிந்ததில்லை.

நான் தொழில் பழகியது கெண்டைக் குஞ்சில். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மீன் விதைப் பண்ணை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும்தான் அங்கே சோறு போட்டவை. 1957இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி கெண்டைக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்த வழிதான் நாடு முழுக்க இன்றைக்கும் நடக்கிறது. அந்த ஜூலை 10ஆம் தேதியை மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். பொரித்து மூன்று நாளான நுண்குஞ்சைக் குளத்தில் விடுவோம். அதற்கு முன்பே சாணம், சூப்பர் பாஸ்பேட் போட்டுத் தண்ணீரைப் பச்சை கட்ட வைத்திருப்போம். கடலைப் புண்ணாக்குத் தூளும் தவிடும் சரிபாதி கலந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கரையோரமாகத் தூவுவது வழக்கம். இரண்டு வேளைதான். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. குஞ்சும் இரண்டு மூன்று வாரத்தில் ஓர் அங்குலம் வந்துவிடும்.

பிறகு படித்தபோதுதான் இது புதிராகத் தெரிந்தது. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. தொண்டையிலிருந்து நேராகக் குடல். வாங்கிச் சேர்த்து வைக்க இடமில்லாத மீன் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாக வேண்டும். அப்படிப்பட்ட மீனுக்கு இரண்டு வேளை எப்படிப் போதும்? குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் விடை தெரியும். வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளிக்கொண்டிருக்கும் தண்ணீர்ப்பூச்சிகள்தான் உண்மையான சாப்பாடு. குளம் விடிந்ததிலிருந்து அடைகிறவரை பந்தி விரித்தே வைத்திருக்கிறது. நாங்கள் தூவிய புண்ணாக்கு பாதி குஞ்சுக்கு, பாதி குளத்துக்கு உரம். அந்தப் பந்தி இல்லாத சிமென்ட் தொட்டியில் அதே கெண்டைக் குஞ்சை விட்டு இரண்டு வேளை மட்டும் போட்டுப் பார்த்தால் தலை பெருத்து உடல் வற்றிப் போகும்.

ஆகவே எத்தனை வேளை என்ற கேள்வி, நம் கையை மட்டுமே நம்பியிருக்கிற குஞ்சுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். அந்த மாதிரிக் குஞ்சோடு எனக்குப் பழக்கம் வந்தது சீர்காழிப் பக்கம் கடலோரத்துக்கு வேலைக்கு வந்த பிறகு.

கொடுவாயை அடைப்பில் வைத்து முட்டையிட வைப்பதில் தாய்லாந்து முந்திக்கொண்டது. 1970களின் தொடக்கத்திலேயே சோங்க்லாவில் அதைச் செய்துவிட்டார்கள். நம் நாட்டில் அது கைகூடியது 1997இல், சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் முட்டுக்காடு நிலையத்தில். திருமுல்லைவாசல் அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையத்தின் கொடுவாப் பொரிப்பகம் வந்த பிறகு எங்கள் வட்டாரத்தில் இறால் குட்டை வைத்திருந்தவர்களுக்கும் இந்த மீன்மேல் ஆசை வந்தது. பொரிப்பகத்திலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குஞ்சு பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து வரும். அதைக் குட்டைக்குள் கட்டிய ஹாப்பா வலையில் விட்டு, நாலு அங்குலம் ஆக்கி விற்பது எங்கள் வேலை. இடைப்பட்ட ஐந்தாறு வாரம்தான் நான் சொல்லவரும் விஷயம்.

ஹாப்பா என்பது கொசுவலை போன்ற துணியில் தைத்த பெட்டி. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். நாலு மூங்கிலில் கட்டித் தொங்கும். அதற்குள் குஞ்சு விருப்பப்பட்டு மேய ஒன்றும் இல்லை. கொடுவா புலால் உண்ணி. பாசி, புண்ணாக்கைப் பெரும்பாலும் சீந்தாது. இன்னொரு குணம்: தண்ணீரில் விழுந்து இறங்கிக்கொண்டிருக்கும் தீவனத்தைத்தான் எடுக்கும். அடியில் போய்ப் படிந்ததை அநேகமாகத் தொடாது. கைப்பிடியை மொத்தமாக வீசினால் பாதி வீண். ஒரு சிட்டிகை, கொஞ்சம் நிறுத்தம், அடுத்த சிட்டிகை என்று கூட்டம் மேலே வருகிறவரை போட்டு, வருவது குறைந்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அரை கிராம் எடையுள்ள குஞ்சு 1000. மொத்தம் அரை கிலோ மீன். உடல் எடையில் 8 சதவீதம் என்று வைத்தால் நாளைக்கு 40 கிராம் குருணைத் தீவனம். ஒரு கைப்பிடி. அதை இரண்டு வேளையாகப் போட்டால் ஒவ்வொரு குஞ்சும் ஒரே மூச்சில் தன் எடையில் 4 சதவீதத்தை விழுங்க வேண்டும். ஆறு வேளையாகப் போட்டால் ஒன்றேகால், ஒன்றரை சதவீதம் போதும். பெரிய கொடுவா என்றால் முதல் கணக்கே சரி. அதற்குப் பை மாதிரி இரைப்பை உண்டு, ஒரு தடவை வயிறு முட்டத் தின்றுவிட்டு அடுத்த நாள்வரை ஆடாமல் கிடக்கும். குஞ்சுக்கும் இரைப்பை உண்டு. ஆனால் கொள்ளளவு கொஞ்சம், எரிப்பது அதிகம். செத்த குஞ்சை அறுத்து லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். 29, 30 டிகிரித் தண்ணீரில் காலையில் தின்றது மதியத்துக்குள் பெரும்பாலும் குடலுக்கு இறங்கியிருக்கும். வயிறு காலியான பிறகு அடுத்த வேளைவரை ஓடுகிற ஒவ்வொரு மணியும் வளர்ச்சியில் கழிகிறது.

இவ்வளவும் புத்தகத்தில் இருப்பதுதான். நேரில் பார்த்தபோது எனக்குத் தட்டுப்பட்டது வேறொன்று.

பக்கத்துப் பக்கத்து ஹாப்பாக்களில் ஒரே தொகுதிக் குஞ்சு, ஒரே மொத்தத் தீவனம். வேளை மட்டும் இரண்டு, நாலு, ஆறு என்று மாற்றிப் பார்த்தோம். மொத்தத்தை மாற்றக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். வேளையைக் கூட்டும்போது தீவனத்தையும் கூட்டிவிட்டு ‘ஆறு வேளை போட்டேன், நல்லா வளர்ந்துச்சு’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வளர்த்தது வேளையா தீவனமா என்று அவர்களாலும் சொல்ல முடியாது. இரண்டிலிருந்து நாலுக்குப் போனபோது சராசரி எடை நன்றாகவே ஏறியது. நாலிலிருந்து ஆறுக்கு ஏற்றம் கொஞ்சம்தான். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் நாலோடு நிறுத்தியிருப்போம். குஞ்சுகளை ஒரு தட்டில் கொட்டி நீளவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வேளை ஹாப்பாவில் கட்டைவிரல் மொத்தத்தில் நாலைந்து மீன், நடுவில் ஒரு கூட்டம், கீழே வந்தபோது இருந்த அளவிலேயே நின்றுபோன ஒரு கூட்டம். ஆறு வேளை ஹாப்பாவில் ஏறக்குறைய எல்லாம் ஒரே வார்ப்பு.

காரணம் ஹாப்பாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் குந்தியிருந்தால் தெரியும். கை நிழல் விழுந்ததும் முதலில் வருவது பெரிய மீன்கள். நடுவே, மேல்பரப்பில் இடம் பிடித்துவிடும். சின்னது மூலையில், வலையை ஒட்டி, நிறம் கறுத்து நிற்கும். பசியும் பயமும் சேர்ந்தால் கொடுவாக் குஞ்சு கறுக்கும். வயிறு நிறைந்தது வெள்ளியாக மின்னும். பெரியது தின்று முடித்துக் கீழே இறங்கினால்தான் சின்னதுக்கு வழி. இரண்டே வேளை என்றால் இரண்டு வேளையும் பெரியது காய்ந்த பசியில் வருகிறது. தீவனம் தீருகிறவரை அது இறங்குவதில்லை. ஆறு வேளை என்றால் மூன்றாவது, நாலாவது வேளைக்கெல்லாம் அதற்குப் பழைய வேகம் இருக்காது. அந்த நேரத்துச் சிட்டிகைகள்தான் மூலையில் நிற்பவற்றின் பங்கு.

தாய்லாந்தில் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சை முழுக்க ஆணாக்க ஹார்மோன் கலந்த தீவனம் மூன்று, நாலு வாரம் கொடுப்பார்கள். அதையும் நாளைக்குப் பல வேளையாகப் பிரித்துத்தான் போட வேண்டும். பந்தியில் இடம் கிடைக்காமல் போதிய தீவனம் தின்னாத குஞ்சு பெண்ணாகவே நின்றுவிடும். நான் அந்த வேலை செய்ததில்லை. ஆனால் யாருக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்பதை அவ்வளவு பச்சையாகக் காட்டுகிற சோதனை வேறில்லை.

கெண்டையில் சின்னது சின்னதாகவே இருந்தால் நஷ்டம் அதோடு முடிந்தது. கொடுவாயில் அது இன்னொன்றின் வாய்க்குப் போகும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற தம்பியை விழுங்குகிற மீன் இது. ஆறு சென்டிமீட்டர்க் குஞ்சுக்கு நாலு சென்டிமீட்டர்க் குஞ்சு இரை. கணக்குத் தப்பி அதைவிடப் பெரியதைக் கவ்வினால் பாதி உள்ளே, பாதி வெளியே என்று தொண்டையில் சிக்கி இரண்டும் செத்து மிதக்கும். காலையில் ஹாப்பாவைப் பார்க்கும்போது அந்த ஜோடிப் பிணம் ஒன்று கிடைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் விழுங்கப்பட்டவை பல இருக்கின்றன என்று பொருள். வாலில் சின்ன நறுக்கு விழுவது அதற்கு முந்தைய அடையாளம். நறுக்குப் பட்ட வாலில் புண் வைத்து, இரண்டு மூன்று நாளில் அது தனிச்சாவாகும்.

இதற்காகத்தான் மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை கிரேடிங் செய்கிறோம். அடியில் ஒரே அளவுத் துளை போட்ட பிளாஸ்டிக் தொட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குஞ்சை அதில் ஊற்றினால் சின்னது துளை வழியே இறங்கிவிடும், பெரியது தங்கும். வேளையைக் கூட்டினால் கிரேடிங் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பிள்ளைகளை எப்படி ஊட்டினாலும் ஒரே உயரமாக வளர்வதில்லை. ஒவ்வொரு கிரேடிங்கிலும் எடுத்துத் தனியே போடவேண்டிய பெரியவற்றின் எண்ணிக்கை குறைகிறது, அவ்வளவுதான். கிரேடிங் அன்றைக்குக் காலை வேளையை விட்டுவிட வேண்டும். நிறைந்த வயிற்றோடு வலையில் புரட்டினால் தின்றதைக் கக்கிவிட்டுச் சோர்ந்து போகும்.

எத்தனை வேளை என்பதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி எந்த நேரம் என்பது. இதில்தான் எனக்கும் குட்டைக்கும் இன்றுவரை இழுபறி. கொடுவாக்கு இயல்பான இரைநேரம் விடியலும் அந்தியும். மாலை ஆறரைக்குக் கடைசி வேளை போட்டுவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு வந்து முதல் வேளை போட்டால் நடுவில் பதின்மூன்றரை மணி நேரப் பட்டினி. பகலில் ஆறு வேளை போட்டதெல்லாம் இந்த இடைவெளியில் அடிபட்டுப்போகும். ஒன்றையொன்று தின்பது பெரும்பாலும் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் நடக்கிறது. அதனால் கிழக்கு வெளுத்ததும் போட வேண்டும். ஆனால் குட்டையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது சரியாக அந்த நேரம். இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சு விட்டுத் தண்ணீரைக் காலி செய்து வைத்திருக்கும். சாப்பிட்ட மீனுக்கு செரிக்கக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். இல்லாத நேரத்தில் வயிற்றை நிரப்பினால் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கும்.

நாங்கள் கண்ட சமரசம் இது. ஏரேட்டர் இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை ஓட வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். விடியல் வேளை மற்றதில் பாதி அளவு மட்டும், பசியின் கூர்மையை மழுக்க. எட்டரை, ஒன்பது மணிக்கு முழு வேளை. பகலில் சிறியதாகச் சில. அந்தியில் மீண்டும் கனமான ஒரு வேளை. மீட்டர் காட்டும் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் விடியல் வேளை கிடையாது. அன்றைக்கு நாலைந்து ஜோடிப் பிணம் அதிகமானாலும் பரவாயில்லை, மொத்தமாகப் போவதைவிட.

பகல் வேளையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தின்ற சில மணி நேரம் கழித்து மீன் அம்மோனியாவை அதிகமாக வெளியேற்றும். பச்சைத் தண்ணீரில் வெயில் ஏற ஏறக் காரத்தன்மை கூடி, மாலை மூன்று நாலு மணிக்கு உச்சத்தில் நிற்கும். காரம் கூடும்போது அதே அம்மோனியா பல மடங்கு நஞ்சாகும். நண்பகலில் ஒரே கனமான வேளையாகப் போட்டால் இரண்டு உச்சமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பகல் வேளைகள் சிறியதாக இருப்பது குஞ்சின் வயிற்றுக்காக மட்டும் இல்லை.

பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முன்னாலேயே தெரிந்த பாடம். அங்கே உயிருள்ள இரை. ரோட்டிஃபர், அதற்கப்புறம் அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக்கிலிருந்து டின்னில் வருகிற ஆர்ட்டீமியா முட்டையைப் பொரித்த குட்டி. பொரித்த புதிதில் ஆர்ட்டீமியாக் குட்டியில் கொழுப்பு நிறைய இருக்கும். தொட்டியில் தின்னப்படாமல் நீந்திக்கொண்டே இருந்தால் அந்தக் கொழுப்பைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். ரோட்டிஃபரும் அப்படியே, பாசியில்லாத தண்ணீரில் சில மணி நேரத்தில் வெறும் ஓடு. காலையில் மொத்தமாக ஊற்றினால் மாலையில் குஞ்சு தின்பது எண்ணிக்கையில் அதேதான், சத்தில் சக்கை. குருணைத் தீவனத்துக்கும் இதுபோல ஒரு வியாதி உண்டு. துகள் சின்னதாக இருப்பதால் நீரில் கரையும் வைட்டமின்கள், முக்கியமாக சி, சீக்கிரம் வெளியேறிவிடும். விழுந்த கணத்தில் வாய்க்குள் போனால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

அப்படியென்றால் பத்து, பன்னிரண்டு வேளை போடலாமே? போட்டுப் பார்த்த பண்ணைகள் உண்டு. முந்தையது செரிப்பதற்குள் அடுத்தது உள்ளே வந்து தள்ளினால் பாதி செரித்தது கழிவாக வெளியேறும். ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு தீவனம் என்று காட்டும் எஃப்.சி.ஆர். ஏறும். தவிரவும் ஒவ்வொரு வேளையும் ஒரு கலவரம். எல்லாம் ஓடி, மோதி, துரத்தி அடங்க நேரம் பிடிக்கும். என் அனுபவத்தில் இரண்டு சென்டிமீட்டரில் ஆறு வேளை, ஐந்து வந்ததும் ஐந்து, எட்டுக்கு மேல் நாலு. பத்து சென்டிமீட்டர் தாண்டினால் ஒன்றையொன்று தின்பது அடங்கும், மூன்று போதும். குட்டைக்குப் போன பிறகு இரண்டு. அரைக் கிலோ தாண்டிய கொடுவாக்கு ஒரே வேளை போடுகிறவர்களைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன்.

கார்த்திகை மழையில் இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். வெயிலைக் காணாமல் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கினால் குஞ்சின் வயிறு காலியாக எடுக்கும் நேரம் நீளும். கை நிழலுக்கு வராது, வந்தாலும் வாயில் வாங்கித் துப்பும். அப்போது அட்டவணையைப் பார்த்துப் போடுகிறவன் தண்ணீரைக் கெடுப்பான். ஆறை மூன்றாக்கி, அதுவும் பத்து மணிக்கு மேல் தொடங்குவோம். அந்த மாதத்தில் தீவன மூட்டையும் ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும்; அதைக் காய வைத்துப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

இனி, யாரும் எழுதாத பகுதி. ஆறு வேளை என்றால் ஆறு தடவை ஒரு மனிதன் கட்டைப் பலகையில் நடந்துபோய் ஒவ்வொரு ஹாப்பாவாகக் குந்த வேண்டும். நாற்பது ஹாப்பா என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்றரை மணி நேரம். ‘ஏம்பா, அதே தீவனத்தை ரெண்டு தடவையா போட்டா தீவனம் கோவிச்சுக்குமா?’ என்று ஒரு முதலாளி என்னைக் கேட்டார். கூலிக் கணக்கில் அவர் கேட்டது நியாயம். தட்டில் அடுக்கிய மீனைக் காட்டினேன். விரலளவுக் குஞ்சை நாங்கள் அங்குலக் கணக்கில் விற்கிறோம். நாலு அங்குலத்துக்கு ஒரு விலை, இரண்டரைக்கு ஒரு விலை. கழிவாகும் கூட்டத்தின் விலையையும் காணாமல்போன தலைகளையும் கூட்டிக் காட்டியதும் இன்னொரு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஆளைப் போட்டதோடு தீர்வதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பண்ணையில் பதிவேட்டில் நாள் தவறாமல் ஆறு வேளையும் டிக் இருக்கும். குஞ்சைத் தட்டில் போட்டால் மூன்று வேளைக் குஞ்சு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்கள் அந்தி வேளையை நாலரைக்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மதியம் வெயிலில் இரண்டு வேளை ஒன்றாகியிருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘அண்ணே, மீனுக்கு ஞாயித்துக்கெழம கெடையாதா?’ என்று ஒருத்தி கேட்டாள். அங்கேயே தங்குகிற ஒருவரிடம் விடியலையும் அந்தியையும் கொடுத்து, நடு வேளைகளை மட்டும் வந்துபோகிறவர்களிடம் விட்டபோதுதான் டிக்கும் மீனும் ஒத்துப்போயின.

ஆட்டோ ஃபீடர் வாங்கலாமே என்பார்கள். வனாமி இறால் குட்டைகளில் அது நன்றாக ஓடுகிறது. இறால் அடியில் கிடப்பதையும் தேடித் தின்னும். கொடுவாக் குஞ்சுக்கு நேரம் தவறாமல் போட அதுவும் போடும், ஆனால் மேலே வருகிற கூட்டம் எப்போது மெலிகிறது என்று அதற்குத் தெரியாது. கடற்காற்றில் குருணை ஈரம் பிடித்துக் குழாயில் கட்டிக்கொள்வது தனித் தொல்லை. பகலின் நடு வேளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடியலையும் அந்தியையும் நான் இயந்திரத்திடம் விடுவதில்லை. காலையில் ஹாப்பாவைக் குனிந்து பார்க்க ஒரு காரணம் வேண்டுமே.

விற்பனைக்கு முந்தின நாள் வேளை எண்ணிக்கை பூஜ்யம். இருபத்து நாலு மணி நேரம் வயிறு காய்ந்த பிறகே பையில் அடைக்கலாம். இல்லாவிட்டால் வழியில் கழிந்து பையின் தண்ணீரையே நஞ்சாக்கிவிடும். பட்டினியில் ஒன்றையொன்று தின்னும் என்பதால் அன்றைக்குக் காலையும் ஒரு கிரேடிங், எல்லாம் ஒரே அளவுதானா என்று. வாங்கிப்போனவரிடம் தண்ணீருக்குப் பழக்கி விடுவதைச் சொல்லுவேன், எத்தனை வேளை என்பதைத் தாளிலேயே எழுதித் தருவேன். அன்றைக்குச் சாயங்காலம் தவறாமல் போன் வரும். ‘சார், போட்ட தீவனத்தை மோந்துகூடப் பாக்கலையே.’ புது இடம், இன்றைக்கு வேண்டாம், நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள் என்பேன். மறுநாள் ஆறு மணிக்கே கூப்பிட்டு, வந்து எடுத்தது என்று சொல்வார்கள். மிச்ச மூட்டையையும் கொட்டிவிடலாமா என்று கேட்பார்கள்.